பூட்டிக் கிடக்கும் மார்பின், புழங்கித் திரியும் மாத்திரை

அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று தெற்கே இறங்கிவரும் நெடுஞ்சாலை களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோடு விழுந்ததே தவிர உறவு அறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், பனச்சமூட்டுச் சந்தைக்குப் போவதும், மார்த்தாண்டத்தில் துணியெடுப்பதும் இன்றும் நடக்கின்றன. உடம்புக்கு முடியாமல் போனாலும் யாரும் மாநிலம் பார்ப்பதில்லை. விளவங்கோட்டுக்காரர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவார். பாறசாலைக்காரர் நெய்யூருக்கு வருவார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், தன் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டது அந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில்தான்.

இந்த மண்ணில் ஓபியாய்டு எனப்படும் அபின் குடும்பத்து வலி மருந்துகள் இரண்டு விதமாக நடத்தப்படுகின்றன. வாய்ப்புற்று முற்றி, எச்சில் விழுங்கவே துடிக்கிற ஒருவருக்கு மார்பின் வேண்டும் என்றால், அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும், பதிவேடு வேண்டும், ஸ்டாக் இருக்கவும் வேண்டும். அதே வழியில் மூளையைத் தொடும் ட்ரமடாலும் டபென்டடாலும் சட்டப்படி சீட்டுக்கு மட்டுமே தரவேண்டியவை. ஆனால் பழைய சீட்டைக் காட்டி, தெரிந்த முகம் என்று சொல்லி, கூரியர் பார்சலில் வரவழைத்து அவற்றை வாங்கிவிட முடிகிறது. வலி உள்ளவருக்கு எட்டாத உயரத்திலும், வலியே இல்லாத பையனுக்குக் கையெட்டும் தூரத்திலும் இந்த மருந்தை வைத்திருக்கிறோம். இதை இடம் மாற்றி வைக்க வேண்டும்.

ஒரு சட்டம் செய்த காயம்

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. ஹெராயின் கடத்துகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டம் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தது. குறைந்தபட்ச தண்டனையே பத்தாண்டு கடுங்காவல் என்றிருந்த காலம் அது. மார்பின் வைத்துக்கொள்ள ஒரு மருத்துவமனை நான்கைந்து உரிமங்கள் எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். கணக்கில் பிழை வந்தால் யார் உள்ளே போவது? பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மார்பினே வேண்டாம் என்று கைகழுவின. இந்தியாவின் மருத்துவ மார்பின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து, 1997-ல் வெறும் 18 கிலோவுக்கு வந்தது. நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு தேசத்துக்கு 18 கிலோ.

இதில் மனம் கொதிக்க வைக்கும் செய்தி வேறொன்று. சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் மிகச்சில நாடுகளில் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் ஓடுகின்றன. அந்த அபின் வெளிநாட்டு நோயாளிகளின் வலியை ஆற்றக் கப்பலேறிய ஆண்டுகளில், நம் வீட்டுத் திண்ணையில் கிடந்தவர்கள் அலறி அடங்கினார்கள்.

இதற்கு எதிராக எழுந்த குரல் கேரளத்திலிருந்துதான் வந்தது. மயக்க மருந்து நிபுணரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தன் சகாக்களுடன் 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்; 2003-ல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பை உருவாக்கினார். விதிகளை எளிதாக்கச் சொல்லி அவர் ஏறி இறங்காத அலுவலகம் குறைவு. 1998-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எளிய மாதிரி விதிகளை அனுப்பியபோது, முன்னதாக ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் கேரளம் இருந்தது. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்று 2015-ல் அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது.

கேரளம் 2008-லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. அதன் பயனாக இன்று நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் ‘பாலியேட்டிவ் சிஸ்டர்’ வண்டியில் வந்து இறங்குவது அக்கம்பக்கத்தார் பழகிவிட்ட காட்சி. புண்ணைத் துடைத்துக் கட்டுவார், மூத்திரக் குழாய் மாற்றுவார், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடிவரும் வலி தணிப்புச் சிகிச்சை உண்டு. இருந்தும் போதாது. லான்செட் இதழின் வலி தணிப்பு ஆணையம் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, வலி ஆற்றத் தேவையான ஓபியாய்டு மருந்தில் இந்தியாவுக்குக் கிடைப்பது 4 சதவீதம்தான்.

மருந்து வாசலுக்கு வந்தாலும் வீட்டாரின் அச்சம் குறுக்கே நிற்கும். “மார்பினா, அது போதை மருந்தாச்சே!” என்பார்கள். “கடைசிக் கட்டத்தில் கொடுக்கிறதில்லையா அது?” என்பார்கள். இதற்குப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று கோழிக்கோட்டிலேயே நடந்தது. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகள் மார்பினை வீட்டுக்கு எடுத்துப்போய் வாயால் உட்கொண்டார்கள். அதில் ஒரு முறைகேடோ, ஒரு கைமாறலோ கண்டறியப்படவில்லை. 2001-ல் லான்செட்டில் அது வெளியானது. முறையான கண்காணிப்பில், அளவறிந்து, வாய்வழியாக, உண்மையான வலிக்குக் கொடுத்தால் மார்பின் ஊரைக் கெடுக்காது. இதைச் சொல்லாமல் போதை மாத்திரையைப் பற்றி மட்டும் எழுதினால், அது இன்னொரு நோயாளியின் மருந்தைப் பிடுங்குவதில்தான் முடியும்.

மாத்திரை எப்படிப் பிடிக்கிறது

விளவங்கோட்டிலிருந்து வெள்ளறடை வரை ரப்பர் தோட்டங்கள். விடியும் முன்பே நெற்றி விளக்குடன் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிற வேலை. கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் போகிறவர்கள் அதைவிட அதிகம். குறுக்கு வலி இல்லாத ஆள் இந்தப் பக்கம் அபூர்வம். அப்படி ஒருவருக்கு டாக்டர் ட்ரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி குறைகிறது. கூடவே மனசும் லேசாகிறது. வேலை அலுப்புத் தெரியவில்லை. ஆறாம் நாள் அவர் மெடிக்கலில் அட்டையைக் காட்டி இன்னொரு பட்டை வாங்குகிறார். தான் வாங்குவது அபின் வழி மருந்து என்று அவருக்குத் தெரியாது. ஏனென்றால் யாரும் சொல்லவில்லை.

மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. நம் உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபினுக்காக அமைந்தவை அவை. மாத்திரை அங்கே போய் அமர்கிறது. வலிச் செய்தி மங்குகிறது, இன்ப உணர்வைக் கிளப்பும் டோபமைன் கூடுகிறது. நாள்பட ஏற்பிகள் மரத்துப்போகின்றன. முதல் வாரம் ஒன்று தந்த சுகத்தை மூன்றாம் மாதம் நான்கு தரவேண்டியிருக்கிறது. பிறகு சுகம் போய்விடும். போடாவிட்டால் வரும் வேதனையைத் தவிர்க்கவே போடவேண்டியதாகிவிடும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் நுழைந்து முறுக்குவது போன்ற கால்வலி, தூக்கமே இல்லாத இரவு. அந்த வேதனையைப் பார்க்கிற வீட்டார் அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள். அது நோய்.

ட்ரமடாலுக்கென்று தனி ஆபத்துகளும் உண்டு. அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். ஈரல் அதை வீரியமான பொருளாக மாற்றும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் போதாதது இன்னொருவருக்கு மூச்சையே அடக்கிவிடலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் அறிவித்தது. பாராசிட்டமால் கலந்ததைப் பத்தும் இருபதுமாக விழுங்குகிறவருக்கு ஓபியாய்டைவிட முந்தி ஈரல் போய்விடலாம். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேரும்போதுதான் பெரும்பாலான சாவுகள் நேர்கின்றன. கண்பாவை குண்டூசி முனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, மூச்சு இழுத்து இழுத்து நின்று நின்று வரும். குறட்டை என்று நினைத்து வீட்டார் தூங்கவிட்டுவிடுகிறார்கள்.

இளைஞர்களின் கதை வேறு. அவர்களுக்கு வலி கிடையாது, சீட்டு கிடையாது. சென்னையிலும் தென்மாவட்டங்களிலும் ‘வலி நிவாரணி மாத்திரை விற்றவர் கைது’ என்ற செய்தி சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. டபென்டடாலைப் பொடித்து நீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரை வாய்க்காகச் செய்யப்பட்டது. அதில் மருந்தோடு டால்க்கும் செல்லுலோஸும் சேர்ந்திருக்கும். அவை ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். குத்தின இடம் சீழ்பிடித்து, நரம்பு கெட்டியாகி, சிலருக்குக் கையே போய்விடும். ஒரே ஊசி நாலு பேர் கைக்குப் போனால் ஹெபடைடிஸ் சி-யும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தே போகும்.

ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று

இதையெல்லாம் முதலில் அனுபவித்தது மிசோரம். தொண்ணூறுகளில் ஸ்பாஸ்மோ புராக்ஸிவான் என்ற வலி நிவாரணிக் காப்ஸ்யூலைப் பிரித்துக் கரைத்து ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் செத்தார்கள். அழுகிய கைகால்களை வெட்டி எடுக்க வேண்டிவந்தது. அதிலிருந்த டெக்ஸ்ட்ரோபுரோபாக்ஸிஃபீனுக்கு இந்திய அரசு 2013-ல் தடை விதித்தது. சந்தை ட்ரமடாலுக்கு மாறியது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ பட்டியலில் ட்ரமடால், கோடீன், பியூப்ரெனார்ஃபின், பென்டசோசின் போன்றவை சேர்ந்தன; வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர், அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2018 ஏப்ரலில் ட்ரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டது. டபென்டடால் அன்று அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து எந்த மாத்திரை என்பது வியாபாரிகளுக்குப் புரிந்துவிட்டது.

2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளியிட்ட புலனாய்வு இந்தச் சங்கிலியின் இன்னொரு முனையைக் காட்டியது. மும்பையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனம் டபென்டடாலையும் கேரிசோப்ரோடால் என்ற தசைத் தளர்வு மருந்தையும் கலந்து, எந்த நாட்டிலும் அனுமதி பெறாத மாத்திரையாக்கி, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் ஐவரி கோஸ்டிலும் தெருவோரங்களில் அது விற்றது. செய்தி வந்த சில நாட்களில் இந்தக் கலவையின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை இந்திய அரசு ரத்து செய்தது. யாரோ கேமராவுடன் போய் நிற்கும்வரை காத்திருந்தது ஏன் என்று ஒரு குடிமகன் கேட்க உரிமை உண்டு.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பு இதன் அளவைச் சொல்கிறது. நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 77 லட்சம். மக்கள்தொகையில் 0.96 சதவீதம் பேர் பயன்படுத்துவது மருந்துக்கடைச் சரக்கு. இயற்கை அபினைப் பயன்படுத்துகிறவர்களைவிட இவர்கள் அதிகம்.

எல்லையோர ஊருக்கு இதில் ஒரு தனி நெருக்கடி இருக்கிறது. அமரவிளைக் கலால் சாவடியில் பஸ்ஸையும் லாரியையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள், கஞ்சாவும் எம்.டி.எம்.ஏ.வும் பிடிபடும் செய்திகள் வருகின்றன. மாத்திரைப் பட்டைக்கு வாசம் இல்லை. சட்டைப் பையில் இருந்தாலும் அது மருந்துதான், சீட்டோடு மருந்து வைத்திருப்பது குற்றமும் அல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலத்தின் மருந்து ஆய்வாளர், அந்தப் பக்கம் இன்னொருவர். களியக்காவிளைக் கடையில் எழுதிய எச்1 பதிவேட்டைப் பாறசாலை ஆய்வாளர் பார்க்க வழியில்லை. ஒரே சீட்டைக் காட்டி இரண்டு பக்கமும் வாங்கினால் அதைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. இங்கே காக்கிச் சட்டையைக் கூட்டுவதைவிட, இரு மாநிலமும் பார்க்கக்கூடிய ஒரு கணினிப் பதிவேடு அதிகம் சாதிக்கும். மொத்த விற்பனையாளர் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி அனுப்பினார் என்ற கணக்கைப் பார்த்தாலே பாதி விஷயம் வெளிப்படும். ஒரு சின்ன முக்கில் இருக்கும் பெட்டிக்கடை அளவு மெடிக்கல், மாதம் ஆயிரக்கணக்கில் டபென்டடால் வாங்கினால் அது குறுக்கு வலிக்காகப் போகவில்லை.

அமெரிக்கா கற்றுத்தரும் இரண்டு தவறு

1980-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியம் கொண்ட கடிதம் வெளியானது. ஆஸ்பத்திரியில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது அது. உள்நோயாளிகளைப் பற்றிய அந்தக் குறிப்பை, வீட்டுக்கு மாதக்கணக்கில் கொடுத்தாலும் ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரமாக்கிக்கொண்டார்கள். பர்டியூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனம் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. மருந்தின் ஆபத்தை மறைத்துத் தவறாக விளம்பரம் செய்த குற்றத்தை 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2021 வரை அந்த நாட்டில் ஓபியாய்டு மிகைப்பயன்பாட்டில் செத்தவர்கள் சுமார் 6,45,000 பேர்.

கோழிக்கோட்டு ஆய்வையும் இந்தக் கடிதத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கோழிக்கோட்டில் நோயாளியைத் தெரிந்தவர்கள் மருந்து கொடுத்தார்கள், மறுபடி வரச்சொல்லிப் பார்த்தார்கள், மருந்தை விற்று லாபம் பார்க்க அங்கே யாரும் இல்லை. அமெரிக்காவில் விற்பனைப் பிரதிநிதி முன்னே போனார், மருந்துச் சீட்டு அவர் பின்னே போனது.

இரண்டாவது தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பயந்துபோன அமெரிக்க மருத்துவர்கள், ஓபியாய்டு எழுதுவதைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டுதல் 2016-ல் வந்த பிறகு, பல ஆண்டு மருந்தெடுத்தவர்களுக்கும் திடீரென்று நிறுத்தினார்கள். அவர்களில் பலர் தாங்கமாட்டாமல் தெருச் சரக்குக்குப் போனார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2022-ல் அந்த வழிகாட்டுதலையே திருத்த வேண்டிவந்தது. ஆகவே மாதக்கணக்கில் ட்ரமடால் எடுத்துவரும் வாசகர் யாராவது இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறிந்துவிட வேண்டாம். டாக்டரிடம் போய், படிப்படியாகக் குறைக்கக் கேளுங்கள். புதிதாக எழுதித் தரும்போதும் கூச்சப்படாமல் கேளுங்கள்: இது ஓபியாய்டா, எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது? சிறிய அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் சில நாட்களே போதும். மிச்சமிருப்பதை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். வீட்டுப் பையன் முதலில் தொடுவது பெரும்பாலும் பாட்டியின் மாத்திரை டப்பாவைத்தான்.

மீளும் வழி

பிடித்துவைத்துப் பூட்டி, பத்து நாள் பட்டினி போட்டு, “தெளிந்துவிட்டான்” என்று அனுப்பும் இடங்களை நான் அஞ்சுகிறேன். வேதனை அடங்கியதும் உடம்பின் தாங்கும் சக்தியும் இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே ஆபத்து. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு நிரூபணமான சிகிச்சை உண்டு: பியூப்ரெனார்ஃபினை நாக்கடியில் வைத்து, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ, மருத்துவர் பார்வையில் கொடுப்பது. ஏக்கம் அடங்கும், ஊசி விடுபடும், வேலைக்குப் போகலாம். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று ஊர் கேட்கும். சர்க்கரை நோயாளி இன்சுலின் போடுவதை ஊர் அப்படிக் கேட்பதில்லை. பஞ்சாப் 2017-ல் இதற்கென்றே புறநோயாளி மையங்களைத் திறந்தது. நம் இரு மாநிலங்களும் தாலுகா ஆஸ்பத்திரி வரை அதைக் கொண்டுவர வேண்டும். ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் மூச்சை மீட்கும் நலோக்ஸோன் இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய அச்சத்தாலேயே பல தாய்மார் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவர்களுக்காகவே இருக்கிறது. போதை பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியில் கேரளக் கலால் துறையின் விமுக்தி மையம் இயங்குகிறது, ஆலோசனைக்கு 14405. குமரி மாவட்டத்தவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நாடெங்கும் கட்டணமின்றிப் பேச 14446. யாராவது மூச்சுத் திணறி, கண்பாவை சுருங்கிக் கிடந்தால் முதலில் 108. ஆள் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருங்கள். என்ன மாத்திரை போட்டான் என்று வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.